இடிப்பதற்காக வரைந்த நகரம்

"கட்டடம் இடிந்து விழுவதைப் பார்ப்பதில் உனக்கு என்னடா இவ்வளவு ஆசை?" என்று பல ஆண்டுகளுக்கு முன்பு என் அக்கா கேட்டாள். நண்பனிடம் இரவல் வாங்கிய குறுந்தகட்டில் 'அகிரா' படத்தை அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிய கணினித் திரையில் நியோ-டோக்கியோ என்ற நகரம் தரைமட்டமாகிக்கொண்டிருந்தது. அவள் கேலியாகக் கேட்கவில்லை. பாழாய்ப்போன எதிர்காலம், அடக்குமுறை அரசு, அழியும் நகரம் என்று ஒரே விதமான ஜப்பானிய அனிமேஷன் படங்களைத் தம்பி ஏன் இரவெல்லாம் கண்விழித்துப் பார்க்கிறான் என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது ஓரளவு இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

அகிராவின் தொடக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். மேலிருந்து பார்த்த டோக்கியோ நகரம். 1988 ஜூலை 16 என்ற தேதி திரையில் வருகிறது. நடுவிலிருந்து ஒரு வெள்ளை ஒளிக்கோளம் எழும்பி, வெடிச் சத்தம் எதுவும் இல்லாமல், தெருத்தெருவாக நகரத்தை விழுங்கிக்கொண்டே விரிகிறது. படம் ஜப்பானில் வெளியானதும் அதே 1988 ஜூலை 16ஆம் தேதிதான். அன்று டோக்கியோவின் திரையரங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள், தாங்கள் சற்று முன் நடந்துவந்த தெருக்கள் அன்றைய தேதியிலேயே இல்லாமல் போவதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கதை 31 ஆண்டுகள் தாவி, 2019இல், பழைய நகரத்தின் பள்ளத்துக்கு அருகே எழுப்பப்பட்ட நியோ-டோக்கியோவில் தொடங்குகிறது.

முதல் சில முறை பார்த்தபோது மோட்டார் சைக்கிள் துரத்தலும் வெடிப்புகளும்தான் என்னை இழுத்தன. நான்காவது அல்லது ஐந்தாவது முறை ஏதோ ஒரு காரணத்துக்காகப் படத்தை நிறுத்தியபோது, உறைந்து நின்ற அந்தச் சட்டகத்தில் தொலைவில் இருந்த ஒரு கட்டடத்தின் சன்னல்களை எண்ணத் தொடங்கினேன். எரியும் விளக்குகள், அணைந்த விளக்குகள், மங்கிய மஞ்சள், பச்சை கலந்த வெண்மை என்று ஒவ்வொன்றும் வேறாக இருந்தது. திரையில் இரண்டு நொடி கூட நிற்காத காட்சி அது. யாரும் எண்ணப்போவதில்லை என்று தெரிந்தே யாரோ ஒருவர் அந்தச் சன்னல்களை ஒவ்வொன்றாகத் தீட்டியிருக்கிறார். அன்றிலிருந்து இந்தப் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதே என் வழக்கமாகிவிட்டது.

அந்த உழைப்பின் அளவைச் சொல்லியாக வேண்டும். அகிராவில் 2,212 காட்சித் துண்டுகள் இருக்கின்றன. அவற்றுக்காக ஏறத்தாழ 1,60,000 செல்கள், அதாவது கண்ணாடி போன்ற மெல்லிய தாள்களில் கோடு பதித்துப் பின்பக்கம் வண்ணம் பூசிய படங்கள், கையால் உருவாக்கப்பட்டன. மொத்தம் 327 வண்ணங்கள் பயன்பட்டன. அவற்றில் 50 வண்ணங்கள் இந்தப் படத்துக்கென்றே புதிதாகக் கலக்கப்பட்டவை. காரணம் எளிது. அன்றைய அனிமேஷன்காரர்கள் இரவுக் காட்சிகளை முடிந்தவரை தவிர்ப்பார்கள். இருட்டில் உருவங்களைப் பிரித்துக் காட்ட வண்ணப் பெட்டியில் போதுமான சாயல்கள் இருக்காது. இயக்குநர் கத்சுஹிரோ ஓதோமோவோ படத்தின் பெரும்பகுதியை இரவில் வைத்தார். நியான் விளக்குகளும் மோட்டார் சைக்கிள்களின் பின்விளக்குகள் இழுத்துச் செல்லும் சிவப்புக் கோடுகளும் உண்மையிலேயே ஒளிர்வதுபோல் தோன்றுவதற்குக் காரணம், அவை உண்மையிலேயே ஒளிர்ந்தவை என்பதுதான். ஒளி வர வேண்டிய இடத்தை மட்டும் விட்டு மற்றதை மறைத்து, செல்லுக்குக் கீழிருந்து விளக்கைப் பாய்ச்சி, அதே படச்சுருளில் மறுபடியும் பதிவு செய்தார்கள்.

அசைவிலும் இதே பிடிவாதம் இருந்தது. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படச்சுருளில், தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஒரே படத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு 8 படங்களோடு முடித்துக்கொள்வதே ஜப்பானில் வழக்கம். அகிராவில் பல காட்சிகளுக்கு நொடிக்கு 12, சில இடங்களில் 24 படங்கள் வரையப்பட்டன. படம் வரைந்து முடித்த பிறகு குரல் சேர்ப்பதுதான் அங்கே நடைமுறை. இங்கே பெரும்பாலான வசனங்களை முதலில் பதிவு செய்து, உதடுகள் அந்தக் குரலுக்கு இசைய அசையும்படி வரைந்தார்கள். கதையின் நாயகன் கனேடா தன் சிவப்பு மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் சறுக்க விட்டு நிறுத்தும் காட்சியை எண்ணற்ற படைப்புகள் பின்னாளில் நகலெடுத்துவிட்டன. அந்த நகல்களில் வண்டி நிற்கிறது. ஓதோமோவின் படத்தில் அது நிற்பதற்காகத் தரையோடு போராடுகிறது.

இந்த இடத்தில்தான் அக்காவின் கேள்விக்கான பதில் எனக்குப் பிடிபடத் தொடங்கியது. காகிதத்துக்கும் வண்ணத்துக்கும் எடை கிடையாது. வரைந்த கட்டடம் விழுந்தால் யாருக்கும் வலிக்கப் போவதில்லை. அப்படிப்பட்ட எடையற்ற பொருளுக்கு எடை ஏற்றுவதற்காக இவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். சன்னலுக்குச் சன்னல் வேறு விளக்கு தீட்டிய பிறகு அந்தச் சுவர் சரியும்போது, அந்த விளக்குகளின் கீழே யாரோ இருந்தார்கள் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. என்னைத் திரும்பத் திரும்ப இழுத்தது அந்த எடை.

ஏன் இந்தப் படங்களில் டோக்கியோ இத்தனை முறை அழிகிறது என்பதற்கு அந்த நகரத்தின் வரலாறே விடை சொல்கிறது. 1923 செப்டம்பர் 1 அன்று வந்த நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் டோக்கியோவும் அதைச் சுற்றிய பகுதியும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தன. 22 ஆண்டுகளுக்குள், 1945 மார்ச் 10 அதிகாலையில், அமெரிக்க விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஒரே இரவில் இறந்தார்கள். ஒரு மனித ஆயுளின் பாதிக்குள் இரண்டு முறை சாம்பலான நகரம் அது. பிறகு அது எழுந்த வேகமும் அச்சமூட்டக்கூடியது. 1960இல் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே, இடம் போதாமல் திணறிய டோக்கியோவை விரிகுடாவின் நீரின் மீதே நீட்டிக் கட்டலாம் என்று ஒரு திட்டம் தீட்டினார். அது கட்டப்படவில்லை, ஆனால் விரிகுடாவில் எழும்பி நிற்கும் நியோ-டோக்கியோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரைபடம் நினைவுக்கு வரும். 1964இல் ஒலிம்பிக் போட்டி வந்தது. அறுபதுகள் முழுவதும் மாணவர் போராட்டங்களும், எழுபதுகளில் இரைச்சலோடு தெருக்களை ஆக்கிரமித்த மோட்டார் சைக்கிள் கும்பல்களும் வந்தன. அகிரா வெளியான ஆண்டில் நிலத்தின் விலை வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் சில ஆண்டுகளில் அந்தப் பொருளாதாரக் குமிழி உடைந்தது.

1954இல் பிறந்த ஓதோமோ இவற்றுக்கு நடுவில் வளர்ந்தவர். எதிர்காலம் என்று அவர் காட்டிய நகரத்தில் போருக்குப் பிந்திய பள்ளம் இருக்கிறது, போராட்டக்காரர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசும் போலீஸ் இருக்கிறது, கட்டி முடியாத ஒலிம்பிக் அரங்கமும் இருக்கிறது. கதையில் நியோ-டோக்கியோ 2020 ஒலிம்பிக்கை நடத்தக் காத்திருக்கிறது. உண்மையான டோக்கியோவுக்கே 2020 ஒலிம்பிக் கிடைத்து, பெருந்தொற்றால் அது தள்ளிப்போனபோது, படத்தில் ஒலிம்பிக் அறிவிப்புப் பலகையில் கிறுக்கியிருந்த 'ரத்து செய்' என்ற வாசகத்தை உலகமே எடுத்துப் பரப்பி, தீர்க்கதரிசனம் என்று வியந்தது. எனக்கு அந்த வியப்பில் பங்கில்லை. வரப்போவதை ஊகித்தது தற்செயல். தன் சிறு வயதில் நாடே கொண்டாடிய அந்த அரங்கத்தின் அடியில் எதைப் புதைத்தோம் என்று ஓதோமோ கேட்டது தற்செயலில்லை. தொடக்கத்தில் நகரத்தை விழுங்கிய ஆற்றல் கொண்ட அகிரா என்ற சிறுவன் படத்தில் வைக்கப்பட்டிருக்கும் இடம் ஒலிம்பிக் அரங்கத்தின் அடியில்தான் இருக்கிறது. அரசு பயந்து உறையவைத்த அந்தப் பெட்டகம் கடைசியில் திறக்கும்போது உள்ளே சிறுவன் இல்லை. அறுத்துக் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்த அவன் உடலின் துண்டுகள்தான் இருக்கின்றன.

உடல் என்று சொன்னதும் தெத்சுவோவைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. அநாதை விடுதியில் கனேடாவோடு வளர்ந்தவன். எல்லாவற்றிலும் கனேடாவுக்குப் பின்னால் நின்றவன். அவனுடைய வண்டியை ஒருமுறையாவது ஓட்டிவிட வேண்டும் என்று ஏங்கியவன். ராணுவ ஆய்வுக்கூடம் அவனைப் பிடித்துச் சென்று அவனுக்குள் இருந்த ஆற்றலைத் திறந்துவிட்ட பிறகு, யாரும் அவனைத் தடுக்க முடியாத நிலை வருகிறது. செயற்கைக்கோளிலிருந்து பாய்ந்த கதிர் அவன் கையைத் துண்டிக்கிறது. உலோகக் குப்பைகளைச் சேர்த்து அவன் புதுக் கை செய்துகொள்கிறான். ஒலிம்பிக் அரங்கத்தில் அந்தக் கை அவன் சொல்லைக் கேட்காமல் வீங்குகிறது. சதையும் குழாயும் நரம்பும் ஒன்றாகி, பெரிய குழந்தையின் உருவமாகப் பெருகி, அவனை நேசித்த ஒரே பெண்ணான காஓரியைத் தனக்குள் இழுத்து நசுக்குகிறது. தன்னை அடிக்க வந்த கனேடாவையே பெயர் சொல்லி அழைத்து, காப்பாற்று என்று கதறுகிறான் தெத்சுவோ.

பல படங்களில் ஆற்றல் பெற்றவன் பறப்பான், வெல்வான். இங்கே ஆற்றல் என்பது தன் உடலின் மீது தனக்கு இருந்த உரிமை கைநழுவிப் போவது. விடலைப் பருவத்தில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது அருவருப்பும் பயமும் மட்டுமே வந்தன. முப்பதைத் தாண்டிய பிறகு பார்த்தபோது, உதவி கேட்கத் தெரியாமல் வளர்ந்த ஒரு சிறுவன் கடைசியில் அதைக் கேட்கிறான் என்பது புரிந்து, தொண்டை அடைத்தது.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. 1982இல் தொடங்கி 1990 வரை இதழில் தொடராக வெளிவந்து, 2,000 பக்கங்களுக்கு மேல் நீண்ட தன் மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, அது முடியும் முன்பே ஓதோமோ இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கினார். பின்பாதியில் யார் எந்தப் பக்கம் என்பது குழம்புகிறது. கேய் போன்ற நல்ல பாத்திரங்களுக்கு மூச்சுவிட இடமில்லை. ஆனால் அந்தக் குறைகளையும் தாங்கிப் பிடிக்கிறது இசை. கேய்னோ யமாஷிரோகுமி என்ற குழுவில் இருந்தவர்கள் தொழில்முறை இசைக்கலைஞர்கள் அல்லர். பத்திரிகையாளர், மருத்துவர், பொறியாளர், மாணவர் எனப் பல துறையினர். பாலித் தீவின் பெருமூங்கில் வாத்தியங்களின் அதிர்வையும் ஜப்பானின் மரபான 'நோ' நாடகத்தின் நீட்டிய குரல்களையும் அவர்கள் இணைத்தார்கள். எதிர்கால நகரத்தின் துரத்தலுக்கு மூங்கிலைத் தேர்ந்தெடுத்ததால்தான் அந்த இசைக்கு இன்றுவரை வயதாகவில்லை என்று நான் நம்புகிறேன்.

இந்த வகையில் நான் அதிகம் பரிந்துரைக்கும் படம், வியப்பாக இருக்கலாம், குண்டு வெடிப்பே குறைவாக உள்ள ஒன்று. மமோரு ஓஷீ இயக்கி 1993இல் வெளிவந்த 'பேட்லேபர் 2' படத்தில், நடக்கப்போகும் போருக்கான அறிகுறிகளை யாரோ ஒருவர் டோக்கியோவுக்குள் பரப்புகிறார். வான்படையின் கண்காணிப்புத் திரையில், வராத விமானங்கள் வருவதாகத் தெரிகின்றன. கட்டுப்பாட்டு அறையில் குரல்கள் உயர்கின்றன, இடைமறிக்கும் விமானங்கள் எழும்புகின்றன, தலைநகரை நெருங்குகிறது எதிரி. பிறகு திரையில் ஒன்றுமே இல்லை. ஒரு குண்டும் விழாத அந்தக் காட்சியைவிட அதிகமாக என்னை நடுங்கவைத்த சண்டைக் காட்சி வேறில்லை. அடுத்து, பனி விழும் தெருக்களில் தற்காப்புப் படையின் டாங்கிகள் நிற்கின்றன. மக்கள் அவற்றைக் கடந்து வழக்கம்போல் வேலைக்குப் போகிறார்கள். தன் படைகளை ஐ.நா. அமைதிப் பணிக்குக் கம்போடியாவுக்கு அனுப்புவதற்கு 1992இல்தான் ஜப்பான் சட்டம் இயற்றியிருந்தது. பிறர் நாடுகளில் நடக்கும் போர்களின் மேல் உட்கார்ந்துகொண்டு நாம் அனுபவிப்பதற்கு அமைதி என்று பெயர் வைக்கலாமா என்று, கால்வாயில் செல்லும் படகில் இரண்டு நடுவயது அதிகாரிகள் பேசிக்கொள்கிறார்கள். அந்த உரையாடல் நீளம் என்று அலுத்துக்கொள்பவர்களை அறிவேன். எனக்கு அது படத்தின் இதயம்.

ஹிரோயுகி ஒகியூரா என்பவர் அகிராவில் படம் வரைந்தவர்களில் ஒருவர். பின்னர் ஓஷீயோடு பணியாற்றி, அவர் எழுதிய 'ஜின்-ரோ' படத்தைத் தானே இயக்கினார். இதில் எதிர்காலமே இல்லை. வரலாறு வேறு பாதையில் போன, போருக்குப் பிந்திய டோக்கியோ. சாக்கடைச் சுரங்கத்தில் வெடிகுண்டுப் பையோடு நிற்கும் ஒரு சிறுமியைக் கவசம் அணிந்த காவலன் ஃபூசே எதிர்கொள்கிறான். சுட முடியாமல் நிற்கிறான். அவள் குண்டை வெடிக்கச் செய்கிறாள். அந்த ஒரு கணத் தயக்கத்துக்கான விலையைப் படம் முழுவதும் அவனிடமிருந்து வசூலிக்கிறார்கள். சிவப்புக் கண்ணாடிகள் ஒளிரும் கவசத்தை அவன் மறுபடி அணிந்து அதே சுரங்கங்களில் இறங்கும்போது, அந்தக் காலடிகளின் கனத்தில், உள்ளே இருந்த மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவது கேட்கிறது.

ஓஷீயின் 'கோஸ்ட் இன் தி ஷெல்' 1995இல் வந்தது. மசமுனே ஷிரோவின் மங்காவை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த கலகலப்பை விலக்கி, ஹாங்காங்கின் தெருக்களை நேரில் பார்த்து வரைந்த நகரத்துக்குள் வைத்தார். அரசின் சிறப்புக் காவல் பிரிவில் பணியாற்றும் நாயகி மோட்டோகோ குசனாகியின் மூளையின் ஒரு பகுதியைத் தவிர மற்ற உடல் முழுவதும் செயற்கையானது, அரசுக்குச் சொந்தமானது. வேலையை விட்டு விலகினால் அந்த உடலையும் அதோடு சேர்ந்த நினைவுகளில் ஒரு பங்கையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று, கடலில் மூழ்கி எழுந்த பிறகு படகில் இருந்தபடி தன் தோழன் பாட்டோவிடம் அவள் சொல்கிறாள். அதே படத்தில் ஒரு குப்பை வண்டித் தொழிலாளி வருகிறான். தனக்கு மனைவியும் மகளும் இருப்பதாக அவன் உறுதியாக நம்புகிறான். விசாரணையில் அது யாரோ அவன் மூளைக்குள் எழுதிவைத்த நினைவு என்று தெரிகிறது. அதை அழிக்க முடியுமா என்று அவன் கேட்கும் குரலை மறக்க முடியாது.

உச்சக்கட்டத்தில், கைவிடப்பட்ட அருங்காட்சியகத்தில், ஒரு தானியங்கி டாங்கியோடு அவள் தனியாக மோதுகிறாள். டாங்கியின் குண்டுகள் சுவரில் செதுக்கிய உயிரினங்களின் பரிணாம மரத்தைக் கீழிருந்து மேலாகத் துளைத்துக்கொண்டு ஏறுகின்றன. கடைசியில் அவள் டாங்கியின் மேல் ஏறி அதன் மூடியை வெறும் கைகளால் பிய்க்க முயல்கிறாள். முதுகுத் தசைகள் புடைக்கின்றன, மூடி அசையவில்லை, அவளுடைய கைகள்தான் தோளோடு பிய்ந்து வருகின்றன. தனக்குச் சொந்தமில்லாத உடலை அதன் எல்லைவரை கொண்டுபோய் உடைத்துவிடும் அந்தப் பிடிவாதத்தில் மட்டும்தான் அவள் முழுக்க அவளாக இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும். 2017இல் ஹாலிவுட்டில் இதே கதையை நடிகர்களை வைத்து எடுத்தார்கள். காட்சிகளை அப்படியே எடுத்தாண்டிருந்தார்கள். உண்மையான மனித உடல்கள் திரையில் இருந்தும் அந்த எடை அங்கே இல்லை.

எனினும் நான் திரும்பத் திரும்பப் போவது ஓஷீயின் படத்தின் நடுவில் வரும் ஒரு பகுதிக்குத்தான். ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் ஒரு வசனமும் கிடையாது. கதையும் நகர்வதில்லை. கால்வாயில் ஒரு படகு போகிறது. அதில் குசனாகி இருக்கிறாள். மழை பெய்கிறது. சிதைந்த கட்டடங்கள், பெயர்ப்பலகைகள், தலைக்கு மேல் தாழப் பறக்கும் விமானம், கடை கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மை உருவங்கள், குடையோடு ஓடும் பிள்ளைகள். கென்ஜி கவாய் பழைய ஜப்பானிய மொழியில் திருமணப் பாட்டாக எழுதி, நாட்டுப்புறப் பாடகிகளைப் பாடவைத்த பாடல் ஒலிக்கிறது.

சென்ற ஆண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பிள்ளைகள் தூங்கிய பிறகு, பெரிய திரையில் இந்தப் படத்தைப் போட்டேன். அவள் கையில் ஏதோ தைத்துக்கொண்டே பார்த்தாள். தொடக்கத்தில் வரும் துப்பாக்கிச் சண்டையின்போது தலையை நிமிர்த்தவே இல்லை. கால்வாய்ப் பகுதி வந்ததும் ஊசி நின்றது. படகு ஒரு பாலத்தைக் கடந்தது, மழை வலுத்தது, பாட்டு அடங்கியது. பேச்சு தொடங்கிய பிறகுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மேலே கண்ணாடிக்குப் பின்னால ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே, அவளுக்கும் இவ முகம்தானே? கொஞ்சம் பின்னால ஓட்டுடா" என்றாள்.

ஓட்டினேன்.